கேள்வி கேட்காத கடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் மருந்துக் கடை முதலாளி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கடையில் எனக்குப் பெயரே மிளகாய்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். மருந்தாளுநருக்குப் படித்து, பரீட்சை எழுதி, நான் வாங்கிய சான்றிதழ்தான் அங்கே சுவரில் தொங்குகிறது. அது இல்லாவிட்டால் முதலாளி ஷட்டரைத் தூக்க முடியாது. ஆனாலும் நான் மிளகாய்தான். அதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை. இப்போது சொல்லப் போகிற விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே இருக்கிறது.

தினமும் காலையில் கடை திறந்ததும் எனக்கு முதல் வேலை பெட்டி பிரிப்பது. அவசரக் கருத்தடை மாத்திரை ஒரு பெட்டிக்கு ஒன்றுதான் வரும். சுண்டுவிரல் நகம் அளவு மாத்திரைக்கு உள்ளங்கை அகலத்தில் பெட்டி, அதற்குள் எட்டாக மடித்த விளக்கத்தாள். பெட்டியை எறிந்துவிட்டு, விளக்கத்தாளை ஒதுக்கிவிட்டு, மாத்திரையை மட்டும் வெள்ளைத் தாளில் பொட்டலமாக மடித்து, இருமல் மிட்டாய்க்குப் பக்கத்து இழுப்பறையில் அடுக்க வேண்டும். பெட்டியோடு கொடுத்தால் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் பெயர் பட்டுவிடும். பொட்டலமாகக் கொடுத்தால் தலைவலி மாத்திரையோ என்னவோ என்று போய்விடுவார்கள். இது முதலாளி கண்டுபிடித்த முறை. விளக்கத்தாள்களையும் நாங்கள் வீணாக்குவதில்லை. வீடுகளுக்கு அனுப்புகிற டானிக் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து உடையாமலிருக்க நடுவில் கசக்கிச் செருகுவோம்.

"நம்ம கடையில யாரும் தலைகுனிஞ்சு நிக்க வேண்டியதில்லை. கேள்வி கேக்காத கடை இது" என்பார் முதலாளி. அந்தப் பெருமையை நானும் பங்கு போட்டுக்கொண்டேன் என்பதுதான் உண்மை. எனக்கு அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் இதே மாத்திரைக்காக வேறொரு கடையில் போய் நின்றிருக்கிறேன். அங்கே இருந்த ஆள், கடையில் நான்கு ஆண்கள் நிற்க, "கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை நாள் ஆச்சு? புருஷனுக்குத் தெரியுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். காது மடல் வரைக்கும் சூடாகி, மாத்திரை வாங்காமலே திரும்பி வந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், நான் கவுண்டரில் நின்றால் ஒருத்தரையும் இப்படி நிற்க வைக்க மாட்டேன் என்று.

அதனால் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். "அந்த மாத்திரை" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வலது உள்ளங்கையை லேசாக உயர்த்துவேன். "எதுவும் சொல்ல வேண்டாம், எனக்குப் புரியுது" என்பேன். இடது கை அதற்குள் இழுப்பறையைத் திறந்திருக்கும். முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேன். பத்து வினாடியில் பொட்டலம் அவர் கைக்குப் போய்விடும். இதற்காகவே நடுவில் நான்கு கடைகளைத் தாண்டி எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாய்க்கும் ஒரு மனசு இருக்கிறது பார் என்று முதலாளியே ஒரு தடவை சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பின் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். நான்கு வருடமாக வலிப்பு மாத்திரை வாங்க மாதாமாதம் எங்களிடம்தான் வருகிறாள். அவளுடைய மருந்துச் சீட்டு எங்கள் கடைக் கோப்பிலேயே இருக்கிறது, நிரந்தர வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் செய்வோம். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு. எனக்கு மனப்பாடம். என் ரவிக்கைகளெல்லாம் அவள் தைத்ததுதான். ஒரு தையல் பிசகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கர்ப்பமாக இருந்தாள். ஐந்தாவது மாதத்தில் வலிப்பு கட்டுக்கடங்காமல் போய், துணி வெட்டுகிற மேஜையிலிருந்து கதவுக்குப் போவதற்குள் விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. மூன்று மாதம் மெஷின் மேல் துணி போட்டு மூடியே கிடந்தது. பிறகு டாக்டர் சொன்னது இதுதான்: இரண்டு வருடம் வலிப்பில்லாமல் ஓட்டு, அதற்கப்புறம் மாத்திரையை மாற்றித் தருகிறேன், அதற்கப்புறம் குழந்தை. அதற்கு முன்னால் கர்ப்பமானால் அவளுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அவள் தையல் கடைப் பீரோ கதவின் உட்பக்கத்தில், மாதத்துக்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டுக்கொண்டு வந்தாள். நான் ஜாக்கெட் வாங்கப் போகும்போதெல்லாம் கதவைத் திறந்து காட்டுவாள். கடைசியாகப் பார்த்தபோது பதினான்கு கோடு.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்தாள். மாத முறைப்படி மாத்திரையை எடுத்து வைத்தேன்.

"அக்கா, அதோட வாந்திக்கும் ஏதாவது குடுங்களேன்."

"என்னம்மா, மூஞ்சியே வாடிப் போயிருக்கு?"

"நேத்துலேர்ந்து வயித்தைப் பெரட்டுது. தலையும் பாரமா இருக்கு. மாரெல்லாம் வலி. அது அப்படித்தான் இருக்குமாமே?" குரலைத் தணித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி உறை கிழிஞ்சிடுச்சுக்கா. சனிக்கிழமை காலைல இவரு இங்க வந்துதான் அந்த மாத்திரையை வாங்கிட்டு வந்தாரு. வாந்தி வர்ற மாதிரி இருந்தா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு இவரோட வேலை செய்யறவர் சொன்னாராம்."

என் கையில் அவளுடைய வலிப்பு மாத்திரைப் பட்டை இருந்தது. அதைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் கேட்டார்கள், எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். அவள் கணவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவளுக்கு வேலை நெருக்கடி என்றால் வலிப்பு மாத்திரை வாங்க அவன்தான் வருவான், எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். சனிக்கிழமையும் வந்து நின்றான். மென்று முழுங்கினான். சரி, வெட்கப்படுகிறான் என்று என் வழக்கப்படி கையை உயர்த்தினேன், பொட்டலத்தை நீட்டினேன், போய்விட்டான். ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலில் முதல் ஆள் அவன்தான்.

அவளைப் பின்பக்கம் சரக்கு வைக்கிற அறைக்குக் கூட்டிப் போனேன். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது, அதில் அவளை உட்கார வைத்தேன். பூசி மெழுகாமல் சொன்னேன்.

"நீ சாப்பிடற வலிப்பு மாத்திரை ஈரலை முடுக்கி விட்டுடும். அது இந்த மாத்திரையைச் சீக்கிரமா உடைச்சு வெளிய தள்ளிடும். அதனால உனக்கு அது பாதி வேலைகூட செய்யுமான்னு சொல்ல முடியாது. வாந்தி, தலைவலி எல்லாம் யாருக்கு வேணும்னாலும் வரும். அது வந்ததால மருந்து வேலை செஞ்சுதுன்னு அர்த்தமில்லை."

அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அப்போ அதோட கெடுதல் முழுசும் எனக்கு. அது செய்ய வேண்டிய வேலை மட்டும் இல்லை. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"இந்த மாத்திரையை எனக்கு எடுத்துக் குடுக்கறதும் நீங்கதான். அந்த மாத்திரையைக் குடுத்ததும் நீங்கதான்."

கடை முறை அப்படி என்றேன். அது எனக்கே கேவலமாகத்தான் கேட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் வைத்திருந்த பையிலிருந்து துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வேற என்னென்ன வழி இருக்கு, எல்லாத்தையும் எழுதுங்க. ஒண்ணு விடாம" என்றாள். உத்தரவு போடுகிற குரல். காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் எழுதினேன்.

"இது நீ போட்டது, லெவோநார்ஜெஸ்ட்ரல். எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லது, மூணு நாளைக்குள்ள. உடம்பு கனமா இருக்கறவங்களுக்கு இதோட பலம் குறையும். போட்டு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மறுபடி போடணும். அடுத்த பீரியட் ஒரு வாரம் முன்ன பின்ன வரலாம், நடுவுல கொஞ்சம் ரத்தம் படலாம். மத்தபடி பெரிய கெடுதல் இல்லை."

"இதையே ரெண்டா போட்டா?"

"உன்னை மாதிரி இருக்கறவங்களுக்கு வேற வழியில்லைன்னா சில டாக்டருங்க அப்படிக் குடுப்பாங்க. ஆனா அது எவ்வளவு காப்பாத்தும்னு யாரும் உறுதியா சொல்ல முடியாது. உனக்கு நான் அதை நம்பச் சொல்ல மாட்டேன்."

"அடுத்தது."

"யூலிப்ரிஸ்டல். அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும். நாள் கடந்து போனவங்களுக்கு முதல் மாத்திரையை விட நல்லாக் கேக்கும். தலைவலி, வயித்துவலி, குமட்டல் எல்லாம் இதுலயும் உண்டு, பீரியட் கொஞ்சம் தள்ளிப்போகும். பால் குடுக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும். ஆனா உன் வலிப்பு மாத்திரை இதையும் உடைச்சிடும். அதோட நீ ஏற்கெனவே முதல் மாத்திரையைப் போட்டுட்டே, ஒண்ணை ஒண்ணு கெடுக்கும்."

"அது உங்க கடையில இருக்கா?"

"இல்லை. கேக்கறவங்க இல்லைன்னு முதலாளி நிறுத்திட்டார்."

"அப்படி ஒண்ணு இருக்குன்னு யாராவது சொன்னாத்தானேக்கா கேப்பாங்க?"

அடுத்ததை எழுதினேன். காப்பர் டி. கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னச் செம்புக் கம்பி. ஐந்து நாளைக்குள் வைத்தால் நூற்றுக்கு ஒருத்தருக்குக் கூடக் கர்ப்பம் தங்காது. அது ரத்தத்தில் கலக்கிற மருந்தில்லை, அதனால் வலிப்பு மாத்திரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வைக்கும்போது வலிக்கும், சில மாதம் பீரியடில் ரத்தம் அதிகம் போகும், வயிற்றைப் பிடிக்கும். பத்து மாதம் கழித்துக் குழந்தை வேண்டும் என்றால் எடுத்துவிடலாம், எடுத்த உடனே பழையபடி ஆகிவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"அஞ்சு நாள்னா எப்போ வரைக்கும்?"

"புதன்கிழமை ராத்திரியோட முடியுது."

அப்போதுதான் முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் அவளுக்காக இல்லை. "இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் குடுத்து அனுப்பும்மா. இதைப் போய் ஏன் பெரிசு பண்றே? நாம என்ன டாக்டரா?" என்றார் என் காதோடு. "ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு விசாரிக்க ஆரம்பிச்சா அப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

"ஒருத்தர் வந்தாரு சார். வந்ததாலதான் இப்ப இந்த நிலைமை."

அவர் எகிறினார். நானும் எகிறினேன். சுவரிலிருந்த என் சான்றிதழைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வேணும்னா நீங்க ஷட்டரை இறக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். பட்டியலில் இரண்டாவது ஆள் அவர்.

மூன்றாவது ஆள் பக்கத்துச் சாலையில் இருக்கிற மகப்பேறு கிளினிக்கின் சிஸ்டர். காப்பர் டி என்றதும் நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "பீரியட் வந்து மூணாவது நாள் வாங்க. அப்பதான் வைப்போம்" என்றார்.

"பீரியட் வராமப் போயிடக் கூடாதுன்னுதான் சிஸ்டர் வந்திருக்கோம். அஞ்சு நாளைக்குள்ள வச்சாத்தான் பிரயோஜனம்."

"இங்க அப்படிப் பழக்கமில்லை. நீங்க யாரு? அம்மாவா, மாமியாரா?"

"மருந்துக் கடைக்காரி."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். டாக்டர் எங்கள் எதிரிலேயே காரில் ஏறிப் போனார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே வைப்பார்களாம், ஆனால் புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். புருஷன் வேனை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான், புதன்கிழமைதான் வருவான். சரி, புதன்கிழமை வருகிறோம் என்றால், அன்றைக்கு டாக்டர் விடுமுறை, வியாழக்கிழமை வாருங்கள் என்கிறார் மேஜையில் இருந்தவர். வியாழக்கிழமை வந்து என்ன செய்ய, தொட்டில் வாங்கவா என்று கேட்டேன். வாயை அடக்கிப் பேசும்மா என்றார். அடக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளி வந்து எங்களை வெளியே கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இந்த இரண்டு நாளில் அவள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"பதினாலு மாசம்க்கா" என்றாள் திடீரென்று. "ஒரு நாள் மாத்திரையை மறந்ததில்லை. ஒரு நாள் தூக்கம் கெடுத்துத் துணி தைச்சதில்லை. எவ்வளவு ஆர்டர் வந்தாலும் ஒம்பது மணிக்கு விளக்கை அணைச்சிடுவேன். நான் என் பக்கத்துல எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"எல்லாரும் எனக்கு மரியாதை குடுக்கறதா நினைச்சுக்கறீங்க. என்கிட்ட ஒரு கேள்வி கேக்கறதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரலை."

புதன்கிழமை காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் தைத்த ரவிக்கைகளையெல்லாம் வரிசையாக அடுக்கினாலும் எட்டாத நீளத்துக்கு வரிசை. சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு மணி நேரம், எடை பார்க்கிற இடத்தில் அரை மணி நேரம், மறுபடி வேறு சீட்டு. எங்கள் முறை வந்தபோது மதியம் இரண்டாகிவிட்டது. உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். சாப்பிடாத முகம், கலைந்த தலை. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். திங்கட்கிழமை கடையை விட்டுக் கிளம்பும்போது டானிக் பெட்டியிலிருந்து உருவி எடுத்து, கசங்கலை நீவிவிட்ட விளக்கத்தாளை ஆயுதம் மாதிரி கையில் வைத்திருந்தேன்.

அவள், "வெள்ளிக்கிழமை உறை கிழிஞ்சிடுச்சு டாக்டர். சனிக்கிழமை அவசர மாத்திரை போட்டேன்" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அவ்வளவுதான். மூன்று வினாடிகூட ஆகவில்லை. தணிந்த குரலில், அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குக் கேட்காத மாதிரி, வெயிலைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டார். இதைக் கேட்க முடியும் என்றே எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தோன்றவில்லை. ஒன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும், அல்லது கையை உயர்த்தி வாயை அடைக்க வேண்டும், இரண்டே வழிதான் உலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலிப்பு மாத்திரையின் பெயரைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ காப்பர் டிதான். இன்னிக்கே வச்சிடலாம்" என்றார். புருஷன் கையெழுத்து என்று நான் இழுத்தேன். "உடம்பு இவங்களோடதுதானே?" என்று காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு சோதனை செய்தார்கள், பிறகு அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குக் காலில் வலி தெரிந்தது.

அப்போதுதான் அவள் கணவன் வந்தான். வேனை எங்கேயோ நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான், சட்டையெல்லாம் புழுதி, மூச்சு வாங்கியது. அவனைப் பார்த்ததும் மூன்று நாள் கோபமும் எனக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது. சிஸ்டரிடம் காட்ட முடியாதது, மேஜைக்காரரிடம் காட்டித் தீராதது எல்லாம் சேர்ந்து அவன் தலையில் இறங்கியது.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாப்பா? பெண்டாட்டி என்ன மாத்திரை சாப்பிடறான்னு உனக்குத் தெரியாதா? நீதானே பாதி நாள் வந்து வாங்கிட்டுப் போறே? என் எதிர்ல வந்து நின்னியே, ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? வெக்கமா? உன் வெக்கத்துக்கு அவ உயிரை விடணுமா?"

அவன் திருப்பிக் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொல்லத்தாங்க வந்தேன்."

"என்ன சொல்ல வந்தே?"

"கடை வாசல்ல வேனுக்குள்ள உக்காந்து மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் இறங்கினேன். 'அவளுக்கு வலிப்பு மாத்திரை ஓடுது, இது அதோட ஒத்துக்குமா'ன்னு. உள்ள வந்து மாத்திரை பேரைச் சொல்லிட்டு, 'அவளுக்கு'ன்னு ஆரம்பிச்சேன். நீங்க கையைக் காட்டினீங்க. 'எதுவும் சொல்ல வேண்டாம், எனக்குப் புரியுது'ன்னீங்க." அவன் குரல் ஏறவில்லை. "எனக்கு என்னங்க தெரியும்? எங்க வீட்டு மாத்திரையெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். அதான் உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டேன்."

அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. நடைபாதையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். மென்று முழுங்கினான் என்று சொன்னேனே, அது வெட்கமில்லை. அவன் வாயில் இருந்தது அந்தக் கேள்வி. என் பட்டியலை முதலிலிருந்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. முதலிடத்தில் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் யார் பெயர் இருந்ததோ அவள்தான்.

வியாழக்கிழமை கடைக்குப் போனேன். என் சான்றிதழ் இல்லாமல் இரண்டரை நாள் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்திருந்த முதலாளி, என்னைப் பார்த்ததும் கடுகடுவென்று இருந்தார், ஆனால் போகச் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்த பொட்டலங்களை எல்லாம் அவர் எதிரிலேயே பிரித்தேன். ஒவ்வொன்றிலும் விளக்கத்தாளை வைத்து மறுபடி மடித்தேன். இனிமேல் டானிக் பாட்டில்களுக்குப் பழைய செய்தித்தாள் போதும் என்றேன். கவுண்டரின் ஓரத்தில் மருந்து அலமாரி மறைக்கிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். யார் அந்த மாத்திரை கேட்டாலும் அந்தப் பக்கம் வரச் சொல்லி, மெதுவாக மூன்று கேள்வி: எத்தனை நாளாச்சு, வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க, குழந்தைக்குப் பால் குடுக்கறாங்களா. யூலிப்ரிஸ்டலும் வரவழைத்தேன். சிலர் முதல் கேள்வியிலேயே திரும்பிப் போனார்கள். முதலாளி ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் நின்று பதில் சொன்னார்கள். ஒருத்தர்கூடக் காது சிவந்து போகவில்லை.

நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். தையல் கடைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட் கூட அங்கேயே கிடந்தது. அவளிடம் சொல்ல வேண்டியதை மட்டும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது, உன் வீட்டுக்காரரைத் திட்டியதும் தப்பு, இனி எங்கள் கடையில் அப்படி நடக்காது, இந்த மாதிரி. அவன் வேனுக்குள் உட்கார்ந்து சொல்லிப் பார்த்த மாதிரியே நானும் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

நான்காவது வாரம் அவள் வந்தாள். மாத்திரை வாங்குகிற நாள்தான். நான் பட்டையை எடுக்கக் கையை நீட்டினேன்.

"மாத்திரை வேண்டாம்க்கா. என் சீட்டைக் குடுங்க."

கோப்பைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். நான்கு வருடத்து மடிப்பு, ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"பீரியட் வந்துடுச்சு" என்றாள். "எட்டு நாள் தள்ளி. வயித்துவலி உயிர் போயிடுச்சு, ரத்தமும் அதிகம். நீங்க சொன்ன மாதிரியேதான். ஆனா வந்துடுச்சு. பீரோல அடுத்த கோடும் போட்டுட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"இனிமே மார்க்கெட் முனையில இருக்கற கடையில வாங்கிக்கறேன். போன வாரம் அங்க தலைவலி மாத்திரைதான் கேட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, 'வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க'ன்னு கேட்டா. தலைவலி மாத்திரைக்கே கேட்டா."

நானும் இப்போது கேட்கிறேன், அந்த ஸ்டூலைப் பார், இழுப்பறையைப் பார் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு முன்னால் மன்னிப்பு. நான்கு வாரமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் முதலாவதை எடுத்து, "நான் உன்கிட்ட" என்று ஆரம்பித்தேன்.

அவள் வலது உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள்.

"எதுவும் சொல்ல வேண்டாம்க்கா. எனக்குப் புரியுது."

சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மிச்ச வார்த்தைகள் அத்தனையும் வாயிலேயே இருக்க, நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.